பாலக்காட்டு எல்லையில் வேம்பயர்: ஒரே ஒரு சப்ளிமென்ட் வாங்க முடியும் என்றால் எது?

வேலந்தாவளத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இது. நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ‘வேம்பயர்: தி மாஸ்கரேட்’ ஐந்தாம் பதிப்பு ஆடத் தொடங்கியிருக்கிறார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேம்பயராக நடித்து, பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டு அது. விதிநூல் கையில் இருக்கிறது. கதை நடக்கும் இடம் அமெரிக்கா வேண்டாம், பாலக்காடு, பொள்ளாச்சி எல்லையே இருக்கட்டும் என்று முடிவு. எல்லோரும் காசு போட்டால் ஒரு சப்ளிமென்ட், அதாவது துணைநூல், வாங்கலாம். பிளேயர்ஸ் கைடா, சிக்காகோ பை நைட்டா, செகண்ட் இன்க்விசிஷனா? கோவையில் ஒருவர் பழைய பதிப்பின் கிளான் (வேம்பயர் குலம்) புத்தகங்களைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார், எடுக்கலாமா? நல்ல சப்ளிமென்ட் எது என்று எதை வைத்து முடிவு செய்வது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி. காசு கொடுத்து வாங்குவது சிக்காகோ பை நைட்டாக இருக்கட்டும். அதற்கும் முன்னால் கம்பேனியன் என்ற சிறிய பி.டி.எஃப்-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிட்டவர்களே அதை இலவசமாகத்தான் விட்டார்கள். பிளேயர்ஸ் கைடு பிறகு பார்க்கலாம். செகண்ட் இன்க்விசிஷன் இப்போதைக்கு வேண்டாம். பழைய புத்தகங்களைப் பற்றிச் சட்டென்று ஒரு வரியில் சொல்ல முடியாது, கீழே தனியாகச் சொல்கிறேன்.

அமெரிக்கா வேண்டாம் என்றவர்களிடம் சிக்காகோவை வாங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1991-இல் ஒயிட் வுல்ஃப் நிறுவனம் இந்த விளையாட்டைக் கொண்டுவந்தது. 2018-இல் உங்கள் ஐந்தாம் பதிப்பு வரும் வரை நடுவில் வந்த துணைநூல்கள் ஓர் அலமாரிக்கு அடங்காது. 13 கிளான், ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தகம். அப்புறம் நகரங்களுக்கு, பிரிவுகளுக்கு, ரகசியச் சங்கங்களுக்கு என்று தனித்தனியாக. இவற்றில் பெரும்பாலானவை படிக்க அருமையானவை. ஆடக் குழு கிடைக்காமல் தனியாக உட்கார்ந்து வாசித்தவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம், அவர்களை மனதில் வைத்தே எழுதியது போலத்தான் பல நூல்கள் இருக்கும். எந்தக் கிழவனை எந்தக் கிழவி எந்த நூற்றாண்டில் ஏமாற்றினாள் என்று பக்கம் பக்கமாக விவரம். 1994-இல் வந்த டர்ட்டி சீக்ரெட்ஸ் ஆஃப் த பிளாக் ஹேண்ட் இதன் உச்சம். நமக்குத் தெரிந்த சதிகளுக்கெல்லாம் பின்னால் இன்னொரு பழஞ்சதி இருக்கிறது என்று அந்த நூல் விரித்துக்கொண்டே போகும். முதல் வேம்பயரிலிருந்து எண்ணிப் பதின்மூன்றாம் தலைமுறையில் நேற்றுச் செத்து இன்று எழுந்த ஒரு புது வேம்பயர் இதையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்வான்? அவனுக்கு இன்று ராத்திரி எங்கே ரத்தம் கிடைக்கும், விடிவதற்குள் எங்கே படுப்பது என்பதுதான் பிரச்சினை.

அதனால் நான் ஒரு சப்ளிமென்ட்டைக் கையில் எடுத்தால் முதலில் செய்வது இதுதான். அதில் வரும் ஏதோ ஒரு பாத்திரத்தின் பக்கத்தைத் திறந்து முழுசாகப் படிப்பேன். படித்து முடித்ததும், இந்த ஆள் வருகிற சனிக்கிழமை என் ஆட்டக்காரர்களைத் தேடி வந்தால் என்ன கேட்பான், அவர்கள் மறுத்தால் என்ன செய்வான் என்று யோசிப்பேன். இரண்டுக்கும் அந்தப் பக்கத்திலேயே விடை இருந்தால் நூல் தேறியது. அவன் எப்போது பிறந்தான், யாரால் மாறினான், எந்தப் போரில் நின்றான் என்பது மட்டும் இருந்தால் அது வாசிப்புக்கான நூல். வாசிக்க வாங்குவதில் தப்பில்லை. ஆனால் ஐந்து பேர் காசு போட்டு வாங்குவது மேசைக்கு உதவ வேண்டும்.

இந்தச் சோதனையில் சிக்காகோ பை நைட் நன்றாகவே தேறும். 1991-இல் முதல் முறை வந்தபோதே அதன் அமைப்பு அப்படி: நகரத்தை வர்ணிப்பது குறைவு, நகரத்தில் இருப்பவர்கள் அதிகம். யார் யாரிடம் கடன்பட்டிருக்கிறார்கள், யார் யாருக்கு அஞ்சுகிறார்கள், யார் யாருடைய நாற்காலியில் கண் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் நூல். அன்று சிக்காகோவின் பிரின்ஸ், அதாவது அந்த ஊர் வேம்பயர்களை ஆள்பவர், லோடின். ஐந்தாம் பதிப்பில் அந்த இடத்தில் கெவின் ஜாக்சன் இருக்கிறார். நாற்காலி கை மாறியதில் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்பதே புதுக் கதைகளுக்கு விதை.

உங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சிக்காகோ இல்லினாய் மாநிலத்தில் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி, மாநில எல்லையைத் தாண்டி இண்டியானாவில், இரும்பு ஆலைகள் நொடித்துப்போன கேரி என்ற ஊர். தொடக்கத்திலிருந்தே அந்த ஊருக்குத் தனி பிரின்ஸ், மோடியஸ் என்று பெயர். பெரிய ஊர்க்காரன் அவனை மதிப்பதில்லை. அவனோ தன் வீம்பை விடுவதில்லை. நடுவில் மாட்டிக்கொள்பவர்கள் புதியவர்கள். உங்கள் எல்லைக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி வேறு எந்த நூலிலும் நான் பார்த்ததில்லை. பெயர்களையும் தெருக்களையும் உதறிவிட்டு அந்த உறவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்படி எடுப்பது என்று ஓர் உதாரணம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சாயங்காலம் பொள்ளாச்சிக்காரர்கள் வந்து போவது நீங்கள் பார்த்து வளர்ந்ததுதான். இன்னொன்று, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாத் தோப்புகளில் இறக்கும் கள் விடிவதற்கு முன்னால் வண்டி ஏறிக் கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்குப் போகிறது. இப்போது விதிநூலில் உள்ள மரபுகளில் இரண்டாவதைப் பாருங்கள்: ஒருவருடைய ஆட்சிப் பகுதியில் அவர் சொல்வதே சட்டம். கொழிஞ்சாம்பாறை பாலக்காட்டு பிரின்ஸின் பகுதி. ஆனால் அங்கே குடித்துவிட்டு இருட்டில் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் திரும்பும் ஆள் பொள்ளாச்சிக்காரன், அவன் வீடு இன்னொரு பிரின்ஸின் பகுதியில். அவன் ரத்தம் யாருக்குச் சொந்தம்? எல்லைக்கு அந்தப் பக்கம் கடித்தால் ஒரு நியாயம், இந்தப் பக்கம் கடித்தால் ஒரு நியாயம். உங்கள் ஆட்டக்காரர்களில் ஒருவர் தெரியாமல் அந்த ஆளைக் கடித்துவிட்டார் என்று முதல் செஷனைத் தொடங்குங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வரும்.

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சாவடிகள் போன பிறகு வாளையாறு ரொம்ப மாறிவிட்டது. ராத்திரி முழுக்க லாரிகள் வரிசையில் நின்ற காலத்தில் அந்த வரிசையையே தன் வேட்டைக்களமாக வைத்திருந்த ஒரு மூத்த வேம்பயரை நினைத்துப் பாருங்கள். வரிசை போனது, அவருடைய செல்வாக்கும் போனது. அவர் இப்போது கள் வண்டிகளின் மேல் உரிமை கேட்கிறார். சிக்காகோ நூலில் இழந்த இடத்துக்காகக் குமுறும் பாத்திரம் ஒன்றை எடுத்து இவருக்கு அச்சாக வைத்துக்கொள்ளலாம். ஒரு நகர நூலிலிருந்து எடுக்க வேண்டியது இவ்வளவுதான்.

பிளேயர்ஸ் கைடுக்கு வருவோம். அது மட்டமான நூல் இல்லை. ஐந்தாம் பதிப்பின் விதிநூலில் ஏழு கிளான்கள்தான் முழுசாக இருந்தன. மற்றவை சிதறிக் கிடந்தன: பானு ஹக்கீம் காமரில்லா நூலில், மினிஸ்ட்ரி அனார்க் நூலில், லசோம்ப்ரா சிக்காகோ நூலில், ஹெக்காட்டா கல்ட்ஸ் ஆஃப் த பிளட் காட்ஸ் நூலில், ரவ்னோஸ், சலூப்ரி, சிமிஷே மூன்றும் கம்பேனியனில். இவற்றை ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுத்ததுதான் பிளேயர்ஸ் கைடின் பெரிய உதவி. கூடவே புதிய சக்திகளும் நிறைய. நான் பொறுக்கச் சொல்வது இந்தப் புதிய சக்திகளுக்காகத்தான்.

ஐந்தாம் பதிப்பில் எந்தச் சக்தியையும் அது எத்தனை பகடை கூட்டுகிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. பசியோடு, அதாவது பாத்திரத்தின் ரத்தத் தாகத்தை அளக்கும் எண்ணோடு, சேர்த்துப் பார்க்க வேண்டும். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் பாத்திரத்துக்குப் பத்து முகப் பகடை ஐந்து, பசி மூன்று, அதாவது ஐந்தில் மூன்று பசிப் பகடை. இரண்டு பத்து விழுந்தால் கிரிட்டிகல், அதாவது பெருவெற்றி. அந்தப் பத்துகளில் ஒன்றாவது பசிப் பகடையில் இருந்தால் மெஸ்ஸி கிரிட்டிகல்: நினைத்தது நடக்கும், ஆனால் உள்ளே இருக்கும் மிருகம் நடத்தும். ஐந்து பகடையில் கிரிட்டிகல் விழ வாய்ப்பு சுமார் 8 சதவீதம், அந்த எட்டில் ஏழு மெஸ்ஸி. இப்போது ஒரு சப்ளிமென்ட் சக்தி மூன்று பகடை கூட்டுகிறது என்று வையுங்கள். எட்டுப் பகடையில் கிரிட்டிகல் 19 சதவீதத்துக்குப் போகும், மெஸ்ஸி 13-க்குப் போகும். வெற்றி கூடுகிறது, அதே நேரத்தில் நாசமும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. அந்தச் சக்திக்கு ஒரு ரவுஸ் சோதனையும் (பசி ஏறுமா என்று உருட்டிப் பார்ப்பது) உண்டு என்றால், ஒற்றைப் பகடையில் ஆறுக்குக் கீழே விழுந்தால் பசி ஒன்று ஏறும், அதாவது சரிபாதி வாய்ப்பு.

நல்ல சக்தி இந்தக் கணக்கை அறிந்து எழுதப்பட்டிருக்கும். ஆசை காட்டும், அதற்கு விலையும் வைக்கும். விலையே இல்லாமல் பகடை கூட்டும் சக்தியை எந்த நூலில் பார்த்தாலும், அது ரசிகர்கள் எழுதி விற்கும் நூலாக இருந்தாலும், உங்கள் மேசைக்கு வேண்டாம். பசியைப் பற்றிய பயம் போய்விட்டால் இந்த விளையாட்டில் மிச்சம் ஒன்றுமில்லை, சும்மா பலசாலிகள் கதையாகிவிடும். இந்தக் கணக்கு உங்கள் ஐந்து பேருக்கும் கைவர விதிநூலை மட்டும் வைத்து நாலைந்து மாதம் ஆட வேண்டும். அதற்கு அப்புறம் பிளேயர்ஸ் கைடு வந்தால் எதை எடுப்பது, எதை விடுவது என்று உங்களுக்கே தெரியும்.

கிளானைச் சோதிக்கும் முறை வேறு. சக்தியைவிடச் சாபத்தைப் பார்க்க வேண்டும். ரவ்னோஸ் கிளானையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பேனியனில் அவர்களுக்கு இருக்கும் சாபம்: ஏழு ராத்திரிக்குள் ஒரே இடத்தில் இரண்டாவது முறை பகல் தூக்கம் போட்டால் உடலே எரியக்கூடும். படித்த உடனே கதை ஓடுகிறதா இல்லையா? பாலக்காட்டில் ஒரு பகல், வாளையாற்றில் ஒரு பகல், மீனாட்சிபுரத்தில் ஒரு பகல் என்று அவன் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் இடம் கொடுக்க ஒருவர் வேண்டும், ஒவ்வொருவரும் பதிலுக்கு ஏதாவது கேட்பார்கள். எல்லைக்காரனுக்கு என்றே செய்த சாபம் அது.

இதே கிளான் பழைய பதிப்புகளில் எப்படி இருந்தது என்று தெரிந்துகொண்டால் எந்த நூலை ஒதுக்க வேண்டும் என்பதும் விளங்கும். அன்று ரவ்னோஸ் என்றால் ரோமானி நாடோடி மக்களின் கேலிச்சித்திரம். ஏமாற்று, திருட்டு போன்ற ஏதாவது ஒரு தீய பழக்கத்தை அடக்க முடியாது என்பதே அவர்களுடைய சாபம். உலகத்தில் இன்றும் துரத்தப்படும் ஒரு சமூகத்தைப் பற்றி அவர்களைத் துரத்துகிறவர்கள் சொல்லும் பழியை அப்படியே விதியாக எழுதிவிட்டார்கள். கிளானின் வேர் இந்தியாவில் என்று வேறு வைத்தார்கள். 1999-இல் வந்த டைம் ஆஃப் தின் பிளட் நூலில் அதன் மூதாதையை வங்கதேசப் பக்கம் எழுப்பி, ஒரு வாரத்தில் கிளானையே ஏறக்குறைய அழித்தார்கள். நம் துணைக்கண்டம் அந்தக் கதையில் குண்டு விழும் மைதானம், அவ்வளவுதான். அங்கே வாழும் மனிதர்கள் கண்ணில் படவில்லை.

இது தொண்ணூறுகளோடு முடிந்துவிடவில்லை. 2018-இல் ஐந்தாம் பதிப்பின் காமரில்லா நூலில், செச்சினியாவில் ஓரினச்சேர்க்கையாளர்கள் மேல் உண்மையாக நடந்த வன்முறையை வேம்பயர்களின் மூடுதிரை என்று எழுதியிருந்தார்கள். அப்போது சிறையில் அடிபட்டுக்கொண்டிருந்தவர்கள் உயிருள்ள மனிதர்கள். கண்டனம் எழுந்தது. உரிமையாளரான பாரடாக்ஸ் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்கியது, ஒயிட் வுல்ஃப் தனித்து இயங்குவதையும் நிறுத்தியது. உண்மையான துயரத்துக்கு உண்மையான குற்றவாளிகள் இருக்கும்போது பழியைத் தூக்கி வேம்பயர் மேல் போடுகிற நூல் எதுவாக இருந்தாலும் அதை மேசைக்குக் கொண்டுவராதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உங்கள் ஊரிலேயே இதே குழி இருக்கிறது. பாலக்காட்டுப் பக்கம் கதை எழுத உட்கார்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது ஒடியன். இருட்டில் மாடாகவோ நாயாகவோ உருமாறி வந்து ஆளை முறிப்பவன். கேட்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அந்தக் கதை சும்மா காற்றில் மிதந்ததில்லை, ஒடுக்கப்பட்ட சில சாதியார் மேல் சுமத்தப்பட்டது. அவர்களை அடிக்கவும் ஊரை விட்டு விலக்கவும் அந்தப் பயம் உதவியது. ஒடியனை ஒரு கிளானாகச் செய்து அந்தச் சாதிப் பெயரையும் ஒட்டினால் ரவ்னோஸுக்குச் செய்த அநியாயத்தை நீங்கள் உங்கள் பக்கத்துத் தெருவுக்குச் செய்தவர்கள் ஆவீர்கள். உருமாறும் வேம்பயர் வேண்டுமா, கேங்ரல் கிளான் விதிநூலிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள், எந்தக் குடும்பத்திலிருந்தும் ஒருவன் அப்படி ஆகலாம் என்று வையுங்கள்.

யட்சி அப்படியில்லை, தாராளமாக எடுத்தாளலாம். ராத்திரி வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்கும் பெண், அழைத்துப்போகும் மாளிகை, விடிந்து பார்த்தால் அது பனைமரம், அடியில் முடியும் நகமும் மட்டும். கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த ஐதீகமாலையில் கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரம் தெரிந்த பாதிரியார் யட்சியை அடக்கும் கதை இருக்கிறது. நாகர்கோவில் பக்கம் அவளுக்குக் கள்ளியங்காட்டு நீலி என்று பெயர். ஆந்திர எல்லையில் திருவாலங்காட்டுப் பக்கம் போனால் பழையனூர் நீலி, கணவனால் கொல்லப்பட்டுப் பழி தீர்த்தவள். சித்தூர் தாலுகாவில் பனைக்குப் பஞ்சமா? அந்த மாயமாளிகையை விதிப்படி நடத்தக் கம்பேனியனே போதும். ரவ்னோஸ் பகுதியில் மாயத்தோற்றம் உண்டாக்கும் சக்திகள் கொடுத்திருக்கிறார்கள். யட்சியை ரவ்னோஸ் ஆக்கி, ஏழு ராத்திரிக்குள் ஒரே பனைக்குத் திரும்ப முடியாதவள் என்று வையுங்கள். அவள் ஏன் வெவ்வேறு ஊரில் வெவ்வேறு மரத்தில் தென்படுகிறாள் என்பதற்கு அதுவே விளக்கம்.

செகண்ட் இன்க்விசிஷன் வேட்டைக்காரர்களைப் பற்றியது. வாடிகனும் உளவு அமைப்புகளும் சேர்ந்து வேம்பயர்களைத் தேடுவது. உங்கள் கதைக்கு ராத்திரி ரோந்து வரும் ஒரு எக்சைஸ் அதிகாரியின் சந்தேகம் போதும். கதை ஒரு வருடம் ஓடி, பெரிய எதிரி தேவைப்பட்டால் அப்போது பார்க்கலாம்.

இனி கோவைக்காரரின் பழைய கிளான் புத்தகங்கள். அவற்றின் எண்களை உங்கள் மேசையில் அப்படியே வைக்க முடியாது. பழைய பதிப்பில் பசி கிடையாது. பதின்மூன்றாம் தலைமுறைக்காரனுக்கு உடம்பில் பத்து ரத்தப் புள்ளி, செலவழித்தால் குறையும், எப்போது தீரும் என்று அவனுக்கே தெரியும். பகடையில் எந்த எண் வெற்றி என்பதும் செயலுக்குச் செயல் மாறும். இன்று ஆறும் அதற்கு மேலும் எப்போதும் வெற்றி, எத்தனை வெற்றி வேண்டும் என்பதுதான் மாறுகிறது. ஆக, அந்தப் புத்தகங்களில் உங்களுக்குப் பயன்படுவது பாத்திரங்களும் கதைக்கருக்களும்தான். மூன்று நான்கு புத்தகம் ஒரு ஓட்டல் சாப்பாட்டு விலைக்குக் கிடைத்தால் வாங்குங்கள். ரவ்னோஸ் புத்தகம் அந்தக் கட்டில் இருந்தால் அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். அவர் டாம்னேஷன் சிட்டி வைத்திருக்கிறாரா என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அது வேம்பயர்: தி ரெக்வியம் என்ற வேறு விளையாட்டின் துணைநூல், 2007-இல் வந்தது. ஒரு நகரத்தில் எந்தப் பகுதி யார் பிடியில், பிடி எப்படி நழுவும் என்று சொந்தமாக நகரம் கட்டச் சொல்லித்தரும். கிடைத்தால் விடாதீர்கள்.

சிக்காகோ நூலை அச்சில் வாங்க வேண்டாம், பி.டி.எஃப் எடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் அஞ்சல் செலவு நூல் விலையையே தொட்டுவிடும். அதில் உள்ள உறவு வரைபடத்தை மட்டும் ஏ3 தாளில் அச்செடுத்து, சிக்காகோக்காரர்களின் பெயர்களுக்கு மேல் உங்கள் ஆட்களின் பெயர்களை எழுதி மேசை நடுவில் விரித்து வையுங்கள். மலையாள நண்பர்களும் இருக்கிறார்கள் என்கிறீர்கள், அவர்களிடம் பாலக்காட்டுப் பக்கத்துப் பெயர்களை விட்டுவிட்டு நீங்கள் பொள்ளாச்சிப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் வைக்கும்போதே யாருக்கு யார் மேல் கோபம் என்று பேச்சு வரும், முதல் செஷனுக்கு அதுவே போதும்.